ஒரு சொட்டுத் தயிரை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும்?

வேப்பம்பூ | 3 ஜூன் 2024, காலை 9.12
சாதாரண மைக்ராஸ்கோப் 1000 மடங்கு, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் 10 லட்சம் மடங்கு என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் பாக்டீரியா ஓடுகிற வீடியோ எல்லாமே அந்த 1000 மடங்குக் கருவியில் எடுத்ததுதான். ஏன்? ஒரு சொட்டுத் தயிரை அப்படியே, பாக்டீரியா உயிரோடு இருக்கும்போதே, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்தால் என்ன ஆகும்? பணம்தான் தடை என்கிறார்கள், நம்ப முடியவில்லை.

பீம்ஆன் | 3 ஜூன், காலை 9.47
தடை பணம் இல்லை, தண்ணீர்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். டங்ஸ்டன் ஃபிலமென்ட் போட்ட செம் (SEM, ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) கருவியின் சேம்பரில் 0.001 பாஸ்கல் அளவுக்கு இறக்கினால்தான் பீம், அதாவது எலக்ட்ரான் கற்றை, போடவே விடும். 20 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 2,300 பாஸ்கல். அதனால் பம்ப் ஓட ஆரம்பித்ததுமே தயிர் கொதிக்கும். கொதிப்பதால் சூடு இறங்கி, மிச்சம் இருப்பது உறைந்தும் போகும். தெறித்தது டிடெக்டர் மேல் ஒட்டும். வேக்குவம் எட்டாது, கருவி "நாட் ரெடி" என்றே நிற்கும். அதற்கப்புறம் சேம்பரைக் கழுவும் ஆளிடம் நீங்கள் நல்ல பெயர் வாங்க முடியாது.

வேக்குவம் எதற்கு என்றால், காற்று மூலக்கூறில் மோதினால் எலக்ட்ரான் திசை மாறிவிடும். இன்னொரு காரணம் ஃபிலமென்ட். டங்ஸ்டன் கிட்டத்தட்ட 2,700 கெல்வினில் எரிகிறது, அந்தச் சூட்டில் ஆக்சிஜன் பட்டால் அறுந்து போகும். ஃபீல்ட் எமிஷன் கன் (கூர்முனையிலிருந்து மின்புலத்தால் எலக்ட்ரானை இழுப்பது) இன்னும் மோசம். அது 0.0000001 பாஸ்கல் அளவில் கேட்கும்.

ரெசின்பிளாக் | 3 ஜூன், காலை 10.30
மடங்குக் கணக்கை முதலில் விடுங்கள். ஒரே படத்தை ஃபோனில் பார்த்தால் ஒரு மடங்கு, புரொஜெக்டரில் போட்டால் வேறு மடங்கு. கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் என்பது. ஒளி மைக்ராஸ்கோப் சுமார் 200 நானோமீட்டர். நல்ல செம் 1 நானோமீட்டர் வரை போகும். டெம் (TEM, டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) 0.2 நானோமீட்டர். படத்தில் அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள், "x50,000" என்று மட்டும் இருந்தால் அதை நம்பி எதையும் அளக்காதீர்கள்.

செம், டெம் இரண்டும் வேறு வேறு கருவி என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் இரண்டும் கலந்திருக்கிறது. டெம்மில் எலக்ட்ரான் சாம்பிளை ஊடுருவி மறுபக்கம் வர வேண்டும், அதனால் சாம்பிள் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். செம்மில் ஒரு கூர்மையான பீம் மேற்பரப்பை வரிவரியாக வருடுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் வெளியே வரும் எலக்ட்ரான் எத்தனை என்பதுதான் அங்கே வெளிச்சம். முன்னது உள்ளே, பின்னது வெளியே.

வேப்பம்பூ | 3 ஜூன், மதியம் 1.05
அலைநீளம் சிறியதாக இருப்பதால்தான் நுணுக்கம் அதிகம் என்று படித்தேன். எலக்ட்ரானின் அலைநீளம் அணுவைவிடச் சிறியது என்றால் ஒரு இலையில் இருக்கும் அணுக்கள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டுமே?

பீம்ஆன் | 3 ஜூன், மதியம் 1.50
200 கிலோவோல்ட்டில் அலைநீளம் 0.0025 நானோமீட்டர். கிடைப்பதோ 0.2. கிட்டத்தட்ட நூறு மடங்கு இழப்பு, அதற்குக் காரணம் லென்ஸ்.

காந்த லென்ஸ் என்பது செப்புக் கம்பிச் சுருளும் இரும்புத் துண்டும்தான். ஓரத்தில் வரும் எலக்ட்ரானை நடுவில் வருவதைவிட அதிகமாக வளைத்துவிடும். கண்ணாடி லென்ஸிலும் இந்தக் கோளாறு உண்டு, ஆனால் அங்கே குழி லென்ஸ் சேர்த்துச் சரிக்கட்டலாம். வட்டச் சமச்சீரான, நிலையான புலம் கொண்ட எலக்ட்ரான் லென்ஸில் அதற்கு வழியே இல்லை என்று 1936-லேயே ஷெர்ட்ஸர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆகவே ஓரத்து எலக்ட்ரான்களை அப்பர்ச்சர் (சின்னத் துளை போட்ட தகடு) வைத்து வெட்டுகிறோம். கோணம் அரை டிகிரி சுற்றுவட்டாரத்துக்குச் சுருங்குகிறது, நுணுக்கமும் அதோடு போகிறது. லென்ஸின் கோளப் பிறழ்ச்சி (மேலே சொன்ன ஓரக் கோளாறின் அளவு) 1 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 0.23 நானோமீட்டர் வருகிறது.

வட்டமாக இல்லாத ஆறுமுனை, நான்குமுனை லென்ஸ்களைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் கரெக்டர்கள் 1990-களின் கடைசியில்தான் வேலை செய்யத் தொடங்கின. இப்போது 0.05 நானோமீட்டர் வரை போகிறார்கள்.

ரெசின்பிளாக் | 3 ஜூன், மதியம் 2.20
மேலே சொன்னது சிலிக்கான், தங்கம், கிராஃபீன் மாதிரி சாம்பிள்களுக்கு. இலைக்கும் பாக்டீரியாவுக்கும் கரெக்டர் போட்ட கருவி கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ரெசினில் பதித்து வெட்டிய செக்ஷனில் (மெல்லிய சீவலில்) நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கறையாக ஏற்றிய ஈயம், யுரேனியம், ஆஸ்மியம் போய் உட்கார்ந்த இடங்களை. அந்தக் கறையின் நுணுக்கமே ஓரிரு நானோமீட்டர்தான். கருவி 0.05 என்றாலும் சாம்பிள் 2 என்கிறது.

கார்பன்டேப் | 3 ஜூன், மாலை 6.15
ஆக, "செல்லின் படம்" என்று போடுவது எல்லாம் கன உலோகத்தின் படம்!

ரெசின்பிளாக் | 4 ஜூன், காலை 7.40
சிரிக்க வேண்டாம், அதுதான் உண்மை. தயிர் பாக்டீரியாவை டெம்முக்குத் தயார் செய்யும் வழியை எழுதுகிறேன், எந்த இடத்தில் என்ன கெடும் என்பதோடு.

தயிரை பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) கரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, கொழுப்பையும் பால் புரதமான கேசினையும் முடிந்தவரை கழுவுங்கள். அடியில் படிந்த பெல்லட்டை 2.5% குளூட்டரால்டிஹைடில் (0.1 மோலார் ககோடிலேட் பஃபர், பி.எச். 7.2 முதல் 7.4) 2 மணி நேரம் அல்லது இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். திசு என்றால் 1 மில்லிமீட்டருக்கு மேல் துண்டு வேண்டாம். குளூட்டரால்டிஹைட் மெதுவாகத்தான் ஊறும், நடுப்பகுதி ஃபிக்ஸ் ஆவதற்குள் (இருந்தபடியே நிலைப்படுவதற்குள்) அழுகத் தொடங்கிவிடும். ககோடிலேட்டில் ஆர்சனிக் இருக்கிறது. அதற்குப் பயந்து பாஸ்பேட் பஃபர் எடுத்தால், கால்சியம் இருக்கும் இடத்தில் வீழ்படிவு வரும். தயிர் விஷயத்தில் இதை மறக்காதீர்கள்.

பஃபரில் மூன்று முறை கழுவிய பின் 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடு, 1 மணி நேரம். இது கொழுப்பைப் பிடித்துக்கொள்வதால்தான் சவ்வுகள் கறுப்பாகத் தெரிகின்றன. ஆவி கண்ணின் கருவிழியையும் ஃபிக்ஸ் செய்யும். ஃப்யூம் ஹூடுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வெளியே மூடியைத் திறக்கவே கூடாது.

எத்தனால் 30, 50, 70, 90, பிறகு 100% மூன்று முறை. ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். புரொப்பிலீன் ஆக்சைடு இரண்டு முறை. அதோடு ரெசின் சரிபாதி கலந்து சில மணி நேரம், பிறகு சுத்த ரெசின் ஓர் இரவு, கடைசியில் 60 டிகிரி ஓவனில் 48 மணி நேரம். பாட்டில் திறந்து பல நாள் ஆன எத்தனால் "100%" என்று எழுதியிருந்தாலும் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அந்த ஈரம் உள்ளே தங்கினால் பிளாக் ரப்பராக வரும், செக்ஷனில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த பிளாக்கை யாராலும் காப்பாற்ற முடியாது.

வெட்டுவது வைரக் கத்தியில், 70 நானோமீட்டர். மேலே மிதக்கும் துண்டின் நிறமே தடிமன் சொல்லும். சாம்பல் என்றால் 60-க்குக் கீழ், வெள்ளி 60 முதல் 90, தங்க நிறம் 90-க்கு மேல், ஊதா வந்தால் தூக்கிப் போடுங்கள். கத்தி ஓடும் திசையில் நீளக் கோடு விழுந்தால் கத்திமுனையில் குறை. அதற்குக் குறுக்கே சம இடைவெளியில் பட்டை விழுந்தால் அதிர்வு. பிளாக் இறுகவில்லை, அல்லது ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

3.05 மில்லிமீட்டர் செப்பு கிரிட்டில் (வட்ட வலைத்தட்டு) எடுத்து, 2% யுரேனில் அசிடேட்டில் 15 நிமிடம் இருட்டில், கழுவி, லெட் சிட்ரேட்டில் 5 நிமிடம். லெட் சிட்ரேட் துளிகள் பக்கத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் போட்டுப் பெட்ரி டிஷ்ஷை மூடுங்கள், மூச்சுக்கூடப் படக்கூடாது. கார்பன் டையாக்சைடு பட்டால் ஈயக் கார்பனேட் படிந்து படம் முழுக்கக் கறுப்புப் புள்ளி வரும். அதை வைரஸ் என்று நினைத்து உற்சாகப்படுபவர்கள் உண்டு. யுரேனில் அசிடேட் கதிரியக்கப் பொருள், கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள்.

கார்பன்டேப் | 4 ஜூன், காலை 8.05
இத்தனை விஷமும் குடித்த பிறகு "உயிரோடு" என்ற கேள்வியே கொஞ்சம் அநியாயம்.

ஈத்தேன் | 4 ஜூன், காலை 9.30
உயிர் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. இல்லாததையும் காட்டும்.

மீசோசோம் கதை தெரியுமா? பாக்டீரியாவின் சவ்வு உள்பக்கம் மடிந்து ஒரு பைபோல இருப்பதை 1950-களில் டெம் படங்களில் பார்த்தார்கள், அதுவும் தயிரில் இருக்கும் கிராம்-பாசிட்டிவ் வகைகளில்தான் அதிகம். டிஎன்ஏவைப் பிரிக்கிறது, செல் சுவரைக் கட்டுகிறது, மூச்சு விடுகிறது என்று ஒவ்வொரு வேலையாக அதற்குக் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் படமும் வந்தது. பிறகு ரசாயனம் இல்லாமல் வேகமாக உறையவைத்துப் பார்த்தால் மீசோசோமைக் காணோம். ஃபிக்சேட்டிவ் சேர்க்கும்போது சவ்வு அடையும் பாதிப்புதான் அந்த மடிப்பு என்று 1980-களில் முடிவானது. சில பள்ளிப் புத்தகங்களில் அந்தப் பை இன்னும் குடியிருக்கிறது.

வேப்பம்பூ | 4 ஜூன், காலை 10.00
எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. மூச்சு விடும் வேலை.

பீம்ஆன் | 4 ஜூன், மாலை 4.20
டெம் அவ்வளவு பாடு. செம் என்றால் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

கழுவிய பாக்டீரியாவை 0.2 மைக்ரான் பாலிகார்பனேட் ஃபில்டரில் பிடியுங்கள், அல்லது பாலி-எல்-லைசின் தடவிய கவர்ஸ்லிப்பில் ஒரு துளி விட்டு அரை மணி நேரம் விடுங்கள். அதே குளூட்டரால்டிஹைட், அதே எத்தனால் படிகள். அதோடு நிறுத்திக் காற்றில் காயவிட்டால் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை செல்லை நசுக்கிவிடும். சப்பையான கோல்கள்தான் படத்தில் வரும். அதனால்தான் கிரிட்டிகல் பாயின்ட் டிரையர். எத்தனாலுக்குப் பதில் திரவ கார்பன் டையாக்சைடை நிரப்பி, 31.1 டிகிரியும் 73.8 பாரும் தாண்டினால் திரவம், வாயு என்ற எல்லையே மறைந்துவிடும், இழுவிசையும் இருக்காது. சூட்டைக் குறைக்காமல் மெதுவாக வாயுவைத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மறுபடியும் திரவமாகும், செய்த வேலை வீண். தண்ணீர் மிச்சம் இருந்தாலும் வீண், அது திரவ கார்பன் டையாக்சைடில் சரியாகக் கலக்காது. டிரையர் இல்லாத இடத்தில் ஹெச்எம்டிஎஸ்ஸில் (எளிதில் ஆவியாகும் ஒரு திரவம்) 10 நிமிடம் வைத்து ஹூடில் ஆவியாக விடுவார்கள். பாக்டீரியாவுக்கு அது போதும்.

பிறகு ஸ்டப்பில் (சாம்பிளைத் தாங்கும் உலோகக் குமிழ்) கார்பன் டேப், அதன் மேல் கவர்ஸ்லிப். கண்ணாடி மின்சாரம் கடத்தாது, அதனால் ஓரத்திலிருந்து ஸ்டப்வரை சில்வர் பெயின்ட் ஒரு கோடு இழுங்கள். பலர் விடுவது இந்தக் கோட்டைத்தான். ஸ்பட்டரில் (உலோகம் பூசும் கருவி) தங்கம் 10 நானோமீட்டர்.

20 கிலோவோல்ட் வேண்டாம். பீம் செல்லைத் துளைத்துப் போய் அடியில் இருக்கும் கண்ணாடியிலிருந்தும் சிக்னல் வரும், ஓரம் மட்டும் பளபளக்கும். 5 கிலோவோல்ட், 8 மில்லிமீட்டர் வொர்க்கிங் டிஸ்டன்ஸ் (லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் உள்ள தூரம்), அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

சார்ஜிங் (சாம்பிளில் மின்னூட்டம் தேங்குவது) வந்தால் படம் நகரும், குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும், சில இடம் கண்கூசும். வோல்ட்டைக் குறையுங்கள், ஸ்கேனை வேகமாக்கி ஃபிரேம்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் சில்வர் பெயின்ட் கோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோட்டிங்கைத் தடிமனாக்குவது கடைசி வழி. 50,000 மடங்குக்கு மேல் போனால் தெரிகிற சின்னச் சின்னப் பருக்கள் தங்கத் துகள், பாக்டீரியாவின் தோல் இல்லை. அந்த அளவு வேண்டுமென்றால் பிளாட்டினம் அல்லது இரிடியம், 2 முதல் 3 நானோமீட்டர்.

கார்பன்டேப் | 4 ஜூன், மாலை 5.00
ஒன்று விட்டுப்போச்சு. ஃபோகஸைக் கூட்டிக் குறைக்கும்போது படம் ஒரு பக்கம் இழுத்து, பிறகு குறுக்குப் பக்கம் இழுத்தால் அது அஸ்டிக்மாட்டிசம். இரண்டு இழுவைக்கும் நடுவில் நிறுத்தி, அதைச் சரிசெய்யும் ஸ்டிக்மேட்டர் திருகில் எக்ஸ், பிறகு ஒய், பிறகு மறுபடியும் ஃபோகஸ். படம் எடுக்கப்போகும் மடங்கைவிட இரண்டு மூன்று பங்கு அதிகத்தில் இதைச் செய்யுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யாதீர்கள், பீம் படும் இடத்தில் ஹைட்ரோகார்பன் படிந்து கறுப்புச் சதுரம் விழும். பக்கத்தில் செய்துவிட்டு நல்ல இடத்துக்கு நகருங்கள். கையுறை போடாமல் ஸ்டப்பைத் தொட்டவர் யார் என்று அந்தச் சதுரமே சொல்லிக்கொடுக்கும்.

அலையலையாக நெளியும் ஓரம் இருந்தால் ஃபோகஸ் பிரச்சினையே இல்லை. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம், அல்லது ஏசி காற்று, அல்லது லிஃப்ட்.

நீர்க்கரடி | 5 ஜூன், காலை 11.10
"உயிரோடு முடியவே முடியாது" என்று எல்லாரும் முடித்துவிட்டீர்கள். அது சரியில்லை. 2012-ல் ஜப்பானில் உண்ணிகளைச் செம் வேக்குவத்தில் அரை மணி நேரம் வைத்து, கால் அசைவதைப் படம்பிடித்து, உயிரோடு வெளியே எடுத்திருக்கிறார்கள். கோட்டிங்கும் இல்லை. 2013-ல் இன்னொரு ஜப்பானியக் குழு ஈப்புழுவை நேரடியாக பீமில் வைத்தது. அதன் உடல்மேல் இருக்கும் பிசுபிசுப்பு எலக்ட்ரான் பட்டுப் பாலிமராகி மெல்லிய உறையானது, உள்ளே இருந்த நீர் ஆவியாகவில்லை. அந்தப் பிசுபிசுப்பு இல்லாத பூச்சிகளுக்கு ட்வீன் 20 (சோப்பு போன்ற ஒரு பொருள்) கரைசல் தடவினார்கள். நானோசூட் என்று பெயர்.

பீம்ஆன் | 5 ஜூன், மதியம் 12.30
உண்ணியின் தோல் தடிமன், ஈரம் வெளியே போகாது. பாக்டீரியாவுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் என்விரான்மென்டல் செம் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கன் பக்கம் உயர் வேக்குவம், சேம்பரில் நீராவி, நடுவே சின்னத் துளைகள் அழுத்தத்தைப் பிரித்து வைக்கும். 4 டிகிரி ஸ்டேஜில் 810 பாஸ்கல் வைத்தால் தண்ணீர் ஆவியாகாமல் நிற்கும். கோட்டிங் தேவையில்லை, அயனியாகும் நீராவியே சார்ஜைச் சமன்செய்துவிடும். விலை என்ன? வாயுவில் மோதிப் பீம் சிதறுவதால் நுணுக்கம் குறையும். தயிரின் ஈரமான மேற்பரப்பு, மோர்த்துளி, இலையின் மெழுகு, இதற்கெல்லாம் நல்ல கருவி. ஆனால் தண்ணீர்ப் படலத்தின் மேல்தோல்தான் தெரியும், அதற்குள் மூழ்கிய பாக்டீரியா தெரியாது. பம்ப் செய்யும்போது ஒரே மூச்சில் இறக்கினால் சாம்பிள் காய்ந்துவிடும், நீராவியை விட்டு விட்டுப் பலமுறை மாற்ற வேண்டும்.

ஈத்தேன் | 5 ஜூன், இரவு 9.05
தண்ணீரோடு, உள்ளே, நுணுக்கமாக என்று மூன்றும் வேண்டுமென்றால் கிரையோ, அதாவது உறையவைத்துக் குளிரிலேயே டெம்மில் பார்ப்பது. 2017 நோபல் இதற்குத்தான்: டுபோஷே, ஃப்ராங்க், ஹெண்டர்சன்.

தண்ணீரைப் படிகமாகாத அளவு வேகமாக உறையவைக்க வேண்டும், கண்ணாடிப் பனி என்பது அதுதான். ஓட்டைகள் உள்ள கார்பன் கிரிட்டை குளோ டிஸ்சார்ஜ் செய்து (தண்ணீர் பரவும்படி பிளாஸ்மாவில் காட்டி), சாம்பிள் 3 மைக்ரோலிட்டர் விட்டு, ஃபில்டர் தாளால் 3 முதல் 5 நொடி ஒற்றி எடுத்து, திரவ ஈத்தேனில் பாய்ச்சுகிறோம். திரவ நைட்ரஜன் இன்னும் குளிர்தானே, நேராக அதிலேயே போடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். மைனஸ் 196 டிகிரியில் அது கொதிநிலையிலேயே இருக்கிறது. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஆவி மெத்தையின் மேல் உருண்டு ஓடுவதுபோல, கிரிட்டைச் சுற்றி நைட்ரஜன் வாயு உறை ஒன்று வந்து சூடு வெளியேறுவதைத் தடுத்துவிடும். ஈத்தேன் அப்படியில்லை, உருகுநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவே நிறைய இடம். நைட்ரஜனால் குளிர்வித்து மைனஸ் 180-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே விட்டால் ஈத்தேனே உறைந்துவிடும். உறைந்த பிறகு மைனஸ் 135-க்கு மேல் சூடேறினால் கண்ணாடிப் பனி படிகமாகும், படத்தில் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

பாக்டீரியா முழுசாக என்றால் பெரும்பாலும் தடிமன் அதிகம். 300 கிலோவோல்ட்டிலும் பனிக்குள் 300 நானோமீட்டர் தாண்டினால் எலக்ட்ரான்களில் பெரும்பங்கு ஆற்றலை இழந்துவிடும். காலியம் அயனிக் கற்றையால் 200 நானோமீட்டர் தகடாகச் செதுக்கிப் பார்க்கிறார்கள். சாய்த்துச் சாய்த்து முப்பரிமாணம் எடுக்கலாம், ஆனால் 60 முதல் 70 டிகிரிக்கு மேல் சாய்க்க முடியாது. அதனால் பீம் திசையில் எல்லாம் நீண்டு தெரியும். உருண்டை முட்டையாக வந்தால் பாக்டீரியாவைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, கதிர்வீச்சு. ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு (ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்) ஓர் எலக்ட்ரான் என்பது 300 கிலோவோல்ட்டில் சுமார் 37 லட்சம் கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு). மனிதனைக் கொல்ல 5 கிரே போதும். வழக்கமாக ஒரு படத்துக்கு அதே ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமில் 40 முதல் 60 எலக்ட்ரான் கொடுக்கிறோம். குளிர் இருப்பதால் உடைந்த துண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன, அவ்வளவுதான். இதற்கு மேல் டோஸ் கொடுத்தால் பனி குமிழ் விடும்.

வேப்பம்பூ | 5 ஜூன், இரவு 9.40
சிலிக்கான் நைட்ரைடு ஜன்னல் போட்ட திரவ செல் என்று ஒன்று இருக்கிறதாமே? அதற்குள் தயிரை ஊற்றினால்?

ஈத்தேன் | 5 ஜூன், இரவு 9.55
இருக்கிறது. 50 நானோமீட்டர் தடிமனில் இரண்டு ஜன்னல், நடுவே திரவம். தங்க நானோதுகள் வளர்வதைப் பார்க்க அருமை. ஆனால் மேலே சொன்ன கிரே கணக்கு அங்கேயும் பொருந்தும். பீம் பட்டதும் தண்ணீரே உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலும் ஹைட்ரஜன் குமிழியும் வரும். நகர்ந்தாலும் அது உயிரின் அசைவா, குமிழி தள்ளியதா என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

ரெசின்பிளாக் | 6 ஜூன், காலை 8.10
நகர்வது பற்றி ஒரு துணைத் தகவல். தயிரில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீந்தாதவை. 100x ஆயில் லென்ஸ், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வைத்துப் பார்த்தால் துடிப்பது பிரௌனியன் அசைவு, தண்ணீர் மூலக்கூறுகள் மோதுவதால் வருவது.

வேப்பம்பூ | 6 ஜூன், மாலை 7.20
நிறம்? நீலப் பாக்டீரியா, பச்சை வைரஸ் படமெல்லாம்?

கார்பன்டேப் | 6 ஜூன், மாலை 7.32
ஃபோட்டோஷாப். கருவி தருவது எலக்ட்ரான் எண்ணிக்கை, அதாவது கறுப்பு-வெள்ளை. அச்சிடுகிறவருக்குப் பிடித்த நிறம் பிறகு ஏறும். தனிமங்களுக்கு நிறம் கொடுத்த வரைபடம் மட்டும் வேறு, அது எக்ஸ்ரே சிக்னலிலிருந்து வருவது, ஈடிஎஸ். அங்கேயும் நிறம் ஆபரேட்டர் தேர்ந்தெடுப்பதுதான், ஆனால் எந்த இடத்தில் எந்தத் தனிமம் என்ற தகவல் உண்மை.

வேப்பம்பூ | 6 ஜூன், மாலை 7.50
அப்படியென்றால் தங்கம் பூசிய அதே ஸ்டப்பில் பாஸ்பரஸ் எங்கே இருக்கிறது என்று ஈடிஎஸ்ஸில் பார்த்துவிடலாமா?

பீம்ஆன் | 6 ஜூன், இரவு 8.25
கூடாது. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்ற ஆற்றல்களில் எக்ஸ்ரே விடும், அவற்றைத்தான் வரி என்கிறோம். பாஸ்பரஸ் கே வரி 2.01 கிலோ எலக்ட்ரான்வோல்ட், தங்கத்தின் எம் வரி 2.12. டிடெக்டரால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, மென்பொருள் கேட்காமலேயே பாஸ்பரஸ் என்று பெயர் ஒட்டிவிடும். ஆஸ்மியம் போட்டிருந்தால் அதன் எம் வரி 1.91, அதுவும் பக்கத்திலேயே. பாஸ்பேட் பஃபரில் கழுவியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஈடிஎஸ்ஸுக்கென்று தனி ஸ்டப் போடுங்கள்: ஆஸ்மியம் இல்லாமல், பாஸ்பரஸ் இல்லாத பஃபரில் ஃபிக்ஸ் செய்து, கார்பன் கோட்டிங் கொடுத்து. கவர்ஸ்லிப்பும் வேண்டாம், கண்ணாடியின் சிலிக்கான் வரி 1.74-ல் பெரிய மலையாக நிற்கும். 10 கிலோவோல்ட்டில் சிக்னல் ஒரு மைக்ரானுக்கும் மேல் ஆழத்திலிருந்து வருகிறது, பாக்டீரியாவே அரை மைக்ரான்தான். ஆக, கிடைக்கும் எண்களில் அடியில் இருப்பதன் பங்கும் உண்டு. ஃபில்டரைக் கார்பன் ஸ்டப்பில் ஒட்டி, பாக்டீரியா இல்லாத இடத்திலும் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.